வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும்

எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். பஸ் டிப்போவில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள். அங்கே நான் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதிவைத்து டிரைவர்களோடு மல்லுக்கு நிற்பது என் வேலை. பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவரிடம் மட்டும் எட்டு வருடமாகச் சண்டை போட வாய்ப்பே கிடைக்கவில்லை, மனுஷர் அவ்வளவு சரியாக வந்து நிற்பார். அந்த எரிச்சலில்தான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில், காலை பதினொன்றரைக்கு. இரண்டு சாட்சிகள் வேண்டும். எனக்கு இரண்டு அண்ணன்கள். ஆளுக்கொரு கையெழுத்து, வேலை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? எங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சினிமாவுக்குப் போனோம். திரும்பி வந்தால் பின்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. ரேடியோ, மிக்ஸி, பெரியண்ணனின் கைக்கடிகாரம் எல்லாம் போயிருந்தன. போனால் போகட்டும். வந்தவன் எங்கள் அடுப்பில் டீ போட்டுக் குடித்துவிட்டு, டம்ளரைக் கூடக் கழுவாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். சின்னண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை. "திருடினான், சரி. சாவகாசமா உக்காந்து டீ குடிச்சிருக்கான் பாரு" என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். மூன்று பேரில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தாக வேண்டும். டிப்போவுக்கு டியூட்டி சார்ட் போடுகிற நான் வீட்டுக்கும் ஒன்று போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த விசேஷமானாலும் ஒருவர் முதல் பாதிக்கு வருவார், அவர் வீடு திரும்பியதும் இன்னொருவர் இரண்டாம் பாதிக்கு வருவார். டிப்போவில் எனக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். பெரியண்ணன் பேச்சுகளைக் கேட்டார், சின்னண்ணன் சாப்பாட்டைச் சாப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் வெளியே சேர்ந்து நிற்கிற ஒரு போட்டோ கூட இந்தப் பதினொரு வருடத்தில் கிடையாது.

அண்ணன்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரியண்ணன் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அண்ணி போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. ராங் நம்பராக இருந்தாலும் நலம் விசாரித்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம், வரட்டுமா?" என்று விடைபெற்றுத்தான் போனை வைப்பார். சின்னண்ணன் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்ப மாட்டார்.

கல்யாணத்தை நிச்சயம் செய்ததும் நான் செய்த முதல் வேலை, வீட்டுக்கு அலாரம் வாங்கியது. நகை வாங்கவில்லை, அலாரம் வாங்கினேன். கதவுகளில் சின்னச் சின்ன வில்லைகள், வாசலுக்கு உள்ளே எண் பலகை, மாடிப்படிக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டி. யாராவது கதவைத் திறந்தால் சங்கு அலறும், பெட்டி தானாகவே போன் போட்டு எந்தக் கதவு என்று கண்காணிப்பு நிலையத்துக்குச் சொல்லும். அவர்கள் திருப்பி அழைத்து ரகசியச் சொல்லைக் கேட்பார்கள், தேவையென்றால் ரோந்து வண்டியை அனுப்புவார்கள். மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு அண்ணன்களும் கல்யாணத்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்தார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் டெலிபோன் கம்பெனி வந்து அதில் மண்ணைப் போட்டது. பழைய லைனை நிறுத்துகிறார்களாம், இனி எல்லாருக்கும் இன்டர்நெட் போன்தானாம். ஓர் ஆள் வந்தார், மோடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்து, அதில் போனைச் செருகி, ஐந்தே நிமிடத்தில் போய்விட்டார். போன் பேசியது. அலாரம் ஊமையாகிவிட்டது. எண் பலகையில் 'தொடர்பு இல்லை' என்று எழுத்து வந்து, நிமிடத்துக்கொரு தடவை கீச் என்றது. சின்னண்ணன் அதன்மேல் ஒரு காலுறையை மாட்டிவிட்டு, "நான் வீட்ல இருந்துக்கறேன்" என்றார்.

டெக்னீஷியன் கிடைத்தது கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்குத்தான். முப்பத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் தவழ்ந்து போனாள். நான் புதுப் புடவையில், பாதி பின்னிய தலையோடு பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"வீட்ல ஏதோ விசேஷம் போல. யாருக்குக்கா கல்யாணம்?" என்றாள் உள்ளேயிருந்து.

"எனக்குத்தான்."

வெளியே வந்து என் முகத்தில் விளக்கை அடித்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "எத்தனை மணிக்கு?" என்றாள்.

"பதினொண்ணரை. ஆனா இது சரியாகலேன்னா எங்கண்ணன் ஒருத்தர் வர மாட்டார்."

"அப்ப முடிச்சாகணும்" என்று மறுபடி உள்ளே போனாள். அவளை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

முதலில் வெளிச்சுவரில் பழைய லைனைக் கழற்றினாள். பிறகு கறுப்புப் பெட்டியிலிருந்து ஒயரை இழுத்து முதலில் அலாரத்துக்கும், அலாரத்திலிருந்து மற்ற போன்களுக்கும் கொடுத்தாள். சின்னண்ணன் கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார். "போன் ஒயர் எதுக்கு அலாரம் வழியாச் சுத்திக்கிட்டுப் போகுது?" என்று குறுக்கு விசாரணை.

"அலாரம்தான் முன்னாடி இருக்கணும் சார். இல்லாட்டி, திருடன் உள்ள வந்து ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சாப் போதும், லைன் பிசி ஆயிடும். இப்படிக் கொடுத்தா, யார் பேசிக்கிட்டு இருந்தாலும் வெட்டி விட்டுட்டு அலாரம் லைனைப் பிடுங்கிக்கும்."

சின்னண்ணன் தலையாட்டினார். அவர் தலையாட்டி நான் பார்த்து மாமாங்கம் ஆகியிருந்தது.

கண்காணிப்பு நிலையத்துக்குப் போன் செய்து, "ஒரு மணி நேரம் சோதனை, வண்டி அனுப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு முதல் தடவை அலாரத்தை அடித்தாள். பெட்டி எண்களைச் சுழற்றியது. பதில் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை காதில் வைத்திருந்த சோதனை போனை என்னிடம் நீட்டினாள். பீப், பீப் என்று ஒலிகள் வந்தன, ஆனால் விக்கல் எடுத்தவன் பேசுகிற மாதிரி அங்கங்கே விட்டு விட்டு.

"இந்தப் பெட்டி பேசாதுக்கா, பீப் பீப்னு பாடும். அங்க இருக்கற மிஷின் அதைக் கேட்டு, கிடைச்சுதுன்னு ஒரு நீளமான பீப் போடணும். இன்டர்நெட் போன் என்ன பண்ணுது, இடத்தை மிச்சம் பிடிக்க ஒலியை நசுக்கி மடிச்சு அனுப்புது. நாம பேசினா நம்ம காது விட்டுப்போனதைத் தானே நிரப்பிக்கும். மிஷினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது."

"சின்னண்ணன் மாதிரின்னு சொல்லு" என்றேன்.

அவள் மடிக்கணினியைத் திறந்து கறுப்புப் பெட்டிக்குள் இருந்த அமைப்புகளைத் தேடினாள். கடவுச்சொல் கேட்டது. இன்டர்நெட் போன் கம்பெனியை அழைத்தால் இசை போட்டார்கள். இருபத்திரண்டு நிமிடம் இசை. நான் அந்த இசைக்கு நடுவில் மிச்சத் தலையைப் பின்னி, அவிழ்த்து, கோபத்தில் மறுபடி பின்னினேன். கடைசியில் ஒரு மகராசன் எடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்தான். ஒலியை நசுக்குவதை நிறுத்தினாள். பேச்சுக்கு நடுவில் இன்னொரு அழைப்பு வந்தால் டொக் டொக் என்று தட்டுமே, அதையும் நிறுத்தினாள். ஊர்க் குறியீட்டைச் சேர்த்து, அலாரத்தை இன்னும் நிதானமாக எண்களைச் சுழற்றச் சொன்னாள்.

ஒன்பது நாற்பதுக்கு மறுமுனையிலிருந்து அந்த நீளமான பீப் வந்தது. பதினேழாம் நம்பர்க்காரர் 'சரி' என்று சொன்னபோது கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்தேன், அவள் நெற்றி விளக்கு என் மூக்கில் இடித்தது. கரண்ட் போனாலும் தாக்குப்பிடிக்க ஒரு பேட்டரியை மோடத்துக்கு அடியில் வைத்துவிட்டு, நிலையத்துக்குப் போன் செய்து சோதனை முடிந்தது என்று சொன்னாள். "இனி அடிச்சா நிஜம்தான், பாத்து நடந்துக்குங்க. கல்யாண வாழ்த்துக்கா" என்று கிளம்பிப் போனாள். மணி பத்து ஐந்து. பத்தே முக்காலுக்கு டாக்ஸி சொல்லியிருந்தோம்.

பெரியண்ணன் சட்டைக் கையை நீவிக்கொண்டு தயாராக நின்றார். சின்னண்ணன் எண் பலகையின் எதிரில் நின்றார்.

"எனக்கு என்னமோ நம்பிக்கை வரல" என்றார்.

"காதால கேட்டீங்களே அண்ணா."

"கேட்டது ஒத்திகை. இன்டர்நெட்ல மனுஷன் பேசினாலே 'கேக்குதா, கேக்குதா'ன்னு நாலு தடவை கேக்கணும். திருடன் வந்து நிக்கறப்ப இது கேக்குதா கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னா?" அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பயந்து சொன்னார். "நீயும் அண்ணனும் போங்க. அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டு வந்ததும் நான் வந்து போடறேன்."

"ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல முன்னாடி நிக்கணும்னு அந்த ஆபீஸ்ல தெளிவா சொல்லியிருக்காங்க."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ. அவரும் நல்ல மனுஷன்தானே."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரராம். நான் கத்தினேன் என்று பெரியண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். நான் கத்தவில்லை.

"பதினொரு வருஷமா எங்க போனாலும் என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியாவே கிடக்கு. யார் வராங்கன்னு கேட்டா, ஒருத்தர் வருவார், இன்னொருத்தர் அப்புறம் வருவார்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இந்த வீட்ல திருட என்ன இருக்கு? ஓட்டை ஃபிரிட்ஜும் ரெண்டு கட்டிலும். உங்க ரெண்டு பேரையும் விட்டா எனக்கு யாரும் கிடையாது. வந்தா ரெண்டு பேரும் வாங்க. இல்லாட்டி இன்னிக்குக் கல்யாணமே வேணாம், அந்த மனுஷன்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டு அழுகையை அவர்களுக்குக் காட்டக் கூடாது என்று சமையலறைக்குப் போய், பின்கதவை இழுத்துத் திறந்து கொல்லைக்கு இறங்கினேன். அந்த நேரத்தில் சின்னண்ணன், எல்லாரும் வெளியே போகும்போது எப்படிப் போடுவது என்று பழகிப் பார்க்க, அலாரத்தை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். அது எனக்கு எப்படித் தெரியும்?

சங்கு அலறியது. அடேயப்பா, அது ஒரு சத்தமா? பக்கத்து வீட்டு நல்ல மனுஷர் மொட்டை மாடிக்கே ஓடி வந்துவிட்டார். வழக்கப்படி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்தொன்று.

நான் உள்ளே ஓடுவதற்குள் போன் அடித்தது. பெரியண்ணன் எடுத்தார். கண்காணிப்பு நிலையத்துப் பெண். சின்னண்ணன் எண் பலகையோடு போராடினார், பதற்றத்தில் எண்ணை மாற்றி மாற்றி அழுத்தினார், சங்கு நிற்கவில்லை. ரகசியச் சொல் 'தக்காளி'. பெரியண்ணன் அதை அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது என்று, அந்தக் காது கிழியும் சத்தத்தில், வாயைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தார். மூன்றாவது தடவை கிசுகிசுத்த பிறகு அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லம்மா, தங்கச்சி கோவத்துல கதவைத் திறந்துட்டா. இன்னிக்கு அவளுக்குக் கல்யாணம்" என்றார். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். பெரியண்ணன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "நல்லதும்மா, நல்லதும்மா" என்றார். பிறகு, வழக்கம்போல, "ரொம்ப சந்தோஷம், வரட்டுமா?" என்று சொல்லிப் போனை வைத்தார். அப்போதுதான் சங்கு நின்றது.

மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சின்னண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியண்ணன் அவரிடம் மெதுவாக, "அவ சொல்றதுல என்னடா தப்பு?" என்றார். "தப்புன்னு நான் சொல்லலியே" என்றார் சின்னண்ணன். "எனக்குப் பயமா இருக்குண்ணா. நான் என்ன பண்ணட்டும்?"

நான் ஏதாவது சொல்லியிருப்பேன், அதற்குள் வாசலில் ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. டாக்ஸி இல்லை. தொப்பியும் கையில் தடியுமாக இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவர் வாசலுக்கு வந்தார், இன்னொருவர் எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவுக்கே ஓடினார்.

"ரோந்து. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? கூப்பிட்டிருந்தீங்களே" என்றார் வாசலுக்கு வந்தவர்.

"நாங்க கூப்பிடலியே" என்றார் பெரியண்ணன். "எல்லாம் சரியா இருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட அவ்வளவு பக்குவமா சொன்னேனே."

ரோந்துக்காரர் தன் போனில் நிலையத்தை அழைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பிடித்தார். அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"ஐயா சொன்னதுக்கு அப்புறம்தானே அனுப்பினேன். சங்குச் சத்தத்துல சரியா கேக்கலையேன்னு, 'எதுக்கும் வண்டி ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டுமா ஐயா?'ன்னு கேட்டேன். 'ரொம்ப சந்தோஷம், வரட்டும்மா'ன்னு சொன்னாங்க."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. எனக்குத்தான் முதலில் புரிந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அழுத கண்ணோடு, புதுப் புடவையோடு, மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். "அவர் போறேன்னு விடை கேட்டாரும்மா" என்றேன் போனைப் பார்த்து. "அவர் எல்லார்கிட்டயும் 'வரட்டுமா'ன்னு கேட்டுட்டுத்தான் வைப்பார்." மறுமுனையில் அந்தப் பெண்ணும் சிரித்தாள். ரோந்துக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். பெரியண்ணன் மட்டும், "ஒரு எழுத்துத்தான்மா வித்தியாசம், சத்தத்துல எனக்குக் கேக்கல, தப்பு என் மேலதான், மன்னிச்சுக்கணும்" என்று எல்லாரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்.

சின்னண்ணன் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "அலாரம் எத்தனை மணிக்கு அடிச்சுது?"

"பத்து இருபத்தொண்ணு."

"இவங்க எப்ப வந்தாங்க?"

"பத்து இருபத்தெட்டு." நேர விஷயத்தில் என்னைச் சந்தேகப்பட முடியாது.

"ஏழு நிமிஷம்" என்றார் சின்னண்ணன். சமையலறைப் பக்கம் பார்த்தார். பின்கதவில் நின்ற இரண்டாவது ரோந்துக்காரரைப் பார்த்தார். அவர் இடம் தவறாமல் அந்தக் கதவுக்கே வந்திருந்தார். "ஏழு நிமிஷத்துல தண்ணி கூடக் கொதிக்காதே."

"கொதிக்காது" என்றேன்.

"டீ குடிக்க முடியாது."

"அடுப்பைப் பத்த வெக்கவே பயப்படுவான்" என்றார் பெரியண்ணன்.

சின்னண்ணன் தன் அறைக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தபோது நீலச் சட்டை போட்டிருந்தார், தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். போகிற வழியில் ஃபிரிட்ஜில் இருந்த டியூட்டி சார்ட்டைப் பிய்த்தெடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பேனா யாருகிட்ட இருக்கு? அந்த ஆபீஸ் பேனாவை நம்ப முடியாது" என்றார்.

அலாரத்தைப் போட்டுவிட்டு மூன்று பேரும் வெளியே வந்தோம். யார் முன்னால் போவது, யார் கதவைச் சாத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் உள்ளேயிருந்து தாழ் போட்டே எங்களுக்குப் பழக்கம். சாவி யாரிடம் என்று தேடினோம், அது பெரியண்ணன் கையிலேயே இருந்தது. டாக்ஸியில் பின்சீட்டில் நான் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு அண்ணன்கள். இடம் போதவில்லை, புடவை கசங்கியது, நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்மத்தில் நான் வாயை மூடிக்கொண்டு சந்தோஷமாக இருந்த பத்து நிமிடம் அதுதான்.

பதினேழாம் நம்பர்க்காரர் பதிவு அலுவலகத்து வாசலில் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு இரண்டு பக்கமும் பார்த்தார். "ரெண்டு பேருமா?" என்றார். "ரெண்டு பேரும்" என்றேன். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை முழுக்கத் தெரியும். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டார்.

பதிவாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "சாட்சிகள் வந்தாச்சா?" என்றார். என் இரண்டு அண்ணன்களும் ஒரே நேரத்தில், "வந்தாச்சு" என்றார்கள். பெரியண்ணன் படிவம் முழுவதையும் நின்று நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். சின்னண்ணன் என் பெயரை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, தன் பேனாவால் போட்டார். இரண்டு கையெழுத்தும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஈரம் காயாமல் இருந்தன. பதிவாளர் அவசரமாக மூட வந்தபோது, "ஒரு நிமிஷம் சார்" என்று நான் தாளைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்த அலுவலகத்துக் காவலாளிதான் எடுத்தார், படத்தில் நான்கு பேரும் விழுந்திருந்தோம். பிறகு பதினொரு வருடப் பழக்கம் என்னை விடவில்லை. கை தானாகத் திரும்பியது, கடிகாரத்தைப் பார்த்தேன், வாய் தானாகச் சொன்னது: "மணி பன்னண்டே கால். யாராவது ஒருத்தர் முன்னாடி கிளம்புங்க, வீடு தனியா இருக்கு."

இரண்டு அண்ணன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும் கிளம்பல" என்றார் சின்னண்ணன். "வீடு எங்க ஓடிடப் போகுது? அங்கேயேதான் இருக்கும். நீதான் இன்னியிலேர்ந்து அங்க இருக்க மாட்டே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினேழாம் நம்பர்க்காரர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அதைச் சின்னண்ணன் வாங்கிக்கொண்டார்.